இரு பாண் துண்டுகளின் நடுவே

கண்டி மாநகரிலிருந்து வத்தேகம, பன்வில ஆகிய ஊர்களைக் கடந்து மேலேறும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள மடுல்கெல்லவை அடைகின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றின் இடையிடையே லயங்கள். விடியுமுன்பே அந்த லயங்களின் அடுப்புகள் புகையத் தொடங்கிவிடும். பெரட்டுக்குப் புறப்படும் தாய், கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுகிறாள். அம்மியிலே செத்தல் மிளகாயையும் உப்பையும் வெங்காயத்தையும் வைத்துச் சம்பல் அரைக்கிறாள். மாவுக்கு நேரமில்லாத நாளில் கடைப் பாண் அந்த இடத்தை நிரப்புகின்றது. பிள்ளை பாடசாலைக்குக் கொண்டுபோவதும் அதுவே. தாய் மலையிலே கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உண்பதும் அதுவே.

இவ்வுணவைக் குறை கூறுதல் எளிது. ஆயின் அது நீதியன்று. உழைக்கும் உடலுக்கு வேண்டிய மாச்சத்து அதிலே உண்டு. நாவிற்கு வேண்டிய காரமும் உண்டு. பசி அடங்குகின்றது. இல்லாதது ஒன்றே: உடலைக் கட்டி வளர்க்கும் புரதம் போதிய அளவு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர்களாய் இருந்தனர். தோட்டப் பகுதியிலோ அத்தொகை ஏறத்தாழ 32 ஆக இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. வருவாய், குடிநீர், தாயின் உடல்நலம், பிறப்பு எடை ஆகிய அனைத்தும் இதிலே சேர்ந்துள்ளன. எனினும் பிள்ளையின் தட்டில் நாள்தோறும் விழுவது யாது என்னும் வினாவை ஒதுக்கிவிடல் இயலாது.

இந்த வினாவிற்கு விடை தேடுகையில், மேனாட்டுச் சிற்றுண்டியாகத் தோன்றும் ஒரு பண்டம் எதிர்பாராத உதவியைச் செய்கின்றது. இரு பாண் துண்டுகளின் நடுவே பாற்கட்டியை வைத்துச் சூடான கல்லிலே வாட்டி எடுக்கும் சாண்ட்விச் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவின் பட்டப்பெயரே அப்பண்டத்திற்கு வழங்கலாயிற்று. பாலும் முட்டையும் உட்பட விலங்குகளிடமிருந்து பெறும் எதனையும் கொள்ளாதோர் சங்கம் ஒன்று 1944ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தோன்றி, ‘வீகன்’ என்னும் புதுச் சொல்லையும் தோற்றுவித்தது. அந்நெறியைக் கைக்கொண்டோர் பாற்கட்டிக்கு மாற்றாகத் தாவரப் பொருள்களை நாடினர். மொறுமொறுப்பாக வாட்டிய டோஃபுவையும் காரச் சாந்தையும் அதனோடு சேர்த்தனர். அவர்கள் இதனைக் கொள்கைக்காகச் செய்தனர். பால்மா வாங்கப் பணம் போதாத ஒரு குடும்பம் இதே பண்டத்தைத் தேவைக்காகச் செய்யலாம். கொள்கைக்கும் தேவைக்கும் சமையல் முறை ஒன்றே.

டோஃபு என்பது சோயா அவரையின் பாலைத் திரித்துப் பிழிந்தெடுத்த கட்டி. சோயாக்கட்டி என்று சொன்னால் பொருள் எளிதில் விளங்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டில் ஹுவாய்நான் பகுதியை ஆண்ட லியு ஆன் என்னும் இளவரசரே இதனைக் கண்டறிந்தார் என்பது அந்நாட்டு வழக்கு. சீனத்திலிருந்து யப்பானுக்குச் சென்று அங்கும் அன்றாட உணவாயிற்று. டோஃபுவை நூறு வகையாகச் சமைக்கும் முறையைக் கூறும் நூலொன்று 1782ஆம் ஆண்டிலேயே ஒசாகா நகரில் வெளியாகியது என்றால், அந்நாட்டார் அதனை எத்துணை விரும்பினர் என்பதை உணரலாம்.

சோயா அவரை கண்டிச் சீமைக்கும் அந்நியமானதன்று. 1973ஆம், 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிலே தானிய விலை ஏறியபோது இலங்கையில் அரிசியும் மாவும் அரிதாயின. அக்காலத்தில் தோட்டங்களிலே பட்டினி பரவி இறப்பு வீதம் உயர்ந்ததை மலையகத்து முதியோர் இன்றும் மறந்திலர். கோதுமை மா ஒன்றையே நம்பிய அடுப்பு, அந்த மா வாராத நாளில் அணைந்துபோகும் என்பதே அக்கொடிய ஆண்டுகள் கற்பித்த பாடம். அதே பத்தாண்டிலேதான் சோயாப் பயிரை நாட்டில் வளர்க்கும் முயற்சியும் வலுப்பெற்றது. பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மகாவலியின் மறுகரையிலே அமைந்த கன்னொறுவையில் சோயா உணவுகளை ஆராயும் நிலையம் ஒன்று உருவாயிற்று. தாய்மாருக்கும் சிறுவருக்கும் வழங்கப்பெறும் திரிபோஷா மாவிலும் சோளத்தோடு சோயாவே சேர்ந்தது. அநுராதபுரப் பகுதியின் வயல்களில் சோயா விளைந்தது.

இன்று மலையகத்துக் கடைகளில் ‘சோயா மீட்’ பொதி இல்லாத கடையைக் காண்பது அரிது. அது எண்ணெய் நீக்கிய சோயா மாவை ஆலையில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பதப்படுத்தி எடுப்பது. சோயாக்கட்டிக்கோ ஆலை வேண்டுவதில்லை. அம்மியும் அடுப்பும் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் போதும்.

காற் கிலோ, அதாவது 250 கிராம், சோயா அவரையைக் கழுவி, இரவிலே நீரில் ஊறவைத்தல் வேண்டும். மலைநாட்டின் குளிரில் ஊறுதல் தாமதமாகும். ஆதலின் பன்னிரண்டு மணி நேரம் வைப்பது நலம். ஓர் அவரையை விரலால் பிளந்தால் உட்புறம் நடுப்பள்ளம் இன்றிச் சமமாகத் தோன்றுமாயின் ஊறிவிட்டது எனக் கொள்ளலாம். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெண்ணெய்போல் அரைத்தெடுத்தல் வேண்டும். அரைக்கும் நீர் சூடாக இருப்பின் சோயாவின் பச்சை வாடை பெரிதும் குறையும். அவரை அரைபடும்போது அதிலுள்ள ஒருவகை நொதி எண்ணெயோடு கலந்து அந்த வாடையை உண்டாக்குகின்றது. சுடுநீர் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கின்றது. அரைக்கவும் கரைக்கவும் மொத்தம் இரண்டேகால் லீற்றர் நீர் அளவாகும். கரைத்ததைத் துணியில் வடித்து இறுகப் பிழிந்தால் பால் ஒருபுறமும் சக்கை மறுபுறமும் பிரியும்.

இப்பாலைக் காய்ச்சும் வேளையில் ஓர் எச்சரிக்கை தேவை. சோயாப் பால் கொதிப்பதற்கு முன்னரே நுரைத்துப் பொங்கும். பொங்கியதைக் கண்டு கொதித்துவிட்டது என எண்ணி இறக்குவோர் பலர். அது தவறு. பச்சைச் சோயாவிலே புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளொன்று உண்டு. நன்கு கொதித்தாலன்றி அது அழியாது. பெரிய பாத்திரத்தில் ஊற்றி, அடி பிடியாமல் துழாவி, உண்மையாகக் கொதித்தபின் பதினைந்து நிமிடமேனும் விடல் வேண்டும். ஆயிரம் மீற்றர் உயரமான இடத்தில் நீர் 100 பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 97 பாகை செல்சியசில் கொதித்துவிடும். ஆகவே சமவெளியில் கூறப்படும் நேரத்திற்கு மேல் நான்கைந்து நிமிடம் கூட்டிக்கொள்வதில் நட்டமில்லை.

இறக்கிய பாலை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நான்கு தேசிக்காயின் சாற்றை அரைக் கோப்பை நீரிலே கலந்து, மூன்று தடவையாக ஊற்றி மெல்ல ஒருமுறை சுற்றிவிட்டு மூடிவைத்தல் வேண்டும். பாலில் கரைந்திருந்த புரதம், புளிப்புப் பட்டதும் ஒன்றோடொன்று பற்றித் திரளும். காற்மணி நேரத்தில் வெண்திரள் மேலும், இளமஞ்சள் நிறத் தெளிநீர் கீழுமாகப் பிரியும். நீர் இன்னும் பால்போலக் கலங்கியிருப்பின் மேலும் சிறிது சாறு சேர்க்கலாம். திரளைத் துணியில் வடித்து மடித்து, ஒரு தட்டை மேலே வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றி, முக்கால் மணி நேரம் விட்டால் கட்டி இறுகும். சீனரும் யப்பானியரும் தேசிச் சாற்றிற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்துள்ள ஒருவகைக் கல்லின் பொடியையோ கடலுப்பின் கசிநீரையோ பயன்படுத்துவர். கல்லின் பொடியால் திரித்த கட்டியில் சுண்ணாம்புச் சத்து மிகும். தேசிச் சாற்றால் திரித்ததில் அம்மிகுதி இராது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் தக்கது. கண்டியின் பெரிய கடைகளில் கட்டியாகவே கிடைப்பதும் உண்டு. காற் கிலோ அவரையின் விலையோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்போர் வீட்டு உழைப்பின் பயனை உணர்வர்.

பிழிந்த சக்கையை எறிதல் கூடாது. அதுவும் உணவே. கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டி தட்டலாம். வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து வடையாகவும் தட்டலாம். காய்ச்சாத பாலிலிருந்து பிரித்த சக்கையாதலின், அதனை முதலில் நன்கு அவித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

இனி மொறுமொறுப்பு. வெறும் சோயாக்கட்டி மென்மையும் சப்பென்ற சுவையும் உடையது. பிள்ளைகள் அதனை ஒதுக்குவதற்குக் காரணமும் இதுவே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. காற் விரலளவு கனமுள்ள துண்டுகளாக வெட்டி, இருபுறமும் உப்புத் தடவி, துணியில் வைத்து மீண்டும் ஒற்றியெடுத்தல் வேண்டும். நீர் நிறைந்த துண்டு கல்லில் வேகுமேயன்றி முறுகாது. அதிலுள்ள நீர் ஆவியாகும்வரை அதன் மேற்பரப்பின் வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. நீர் வற்றியபின்னரே பொன்னிறமும் மணமும் தோன்றும். ஆதலின் முறுகலின் இரகசியம் எண்ணெயில் இல்லை, நீரை முன்கூட்டி நீக்குவதில் உள்ளது. அரிசி மா இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்து துண்டுகளைப் புரட்டி, காய்ந்த தோசைக்கல்லில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு வைத்தல் வேண்டும். வைத்தபின் நான்கைந்து நிமிடம் அசைத்தல் கூடாது. தானாகக் கல்லைவிட்டுக் கழன்றுவரும் பதமே திருப்பிப்போடும் பதம்.

பாற்கட்டிக்கு மாற்று எது? பாற்கட்டி சூட்டிலே இளகி நூல்போல் நீள்வதற்குக் காரணம், பாலிலுள்ள ஒருவகைப் புரதம் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து வலைபோல் அமைந்திருப்பதாகும். தாவரப் பாலில் அந்த வலை இல்லை. எனவே அவ்வேலையை மாப்பொருளிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதிலே மரவள்ளி சிறந்தது. தோல் நீக்கிய கிழங்கைத் துருவி, நீரில் கரைத்து வடித்து, தெளியவைத்தால் அடியிலே வெண்மா படியும். மேல்நீரைக் கொட்டிவிட்டு இருமுறை புதுநீரில் அலசிக் காயவைத்தல் வேண்டும். மரவள்ளியில் இயல்பாயுள்ள நச்சுத்தன்மை அந்நீரோடு போகுமாதலின், அந்நீரை எதற்கும் பயன்படுத்தல் ஆகாது.

ஒரு கோப்பை கட்டித் தேங்காய்ப் பாலில் மூன்று மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் கரைத்து, அரைத்த சோயாக்கட்டி இரண்டு மேசைக்கரண்டி, நசுக்கிய வெள்ளைப்பூண்டு ஒரு பல், உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து, இளந்தீயில் விடாது துழாவினால், நான்கைந்து நிமிடத்தில் கலவை பளபளத்துத் தடித்து, அகப்பையை உயர்த்தும்போது இழையாக நீளும். இறக்கி ஒரு தேக்கரண்டி தேசிச் சாறு விட்டால் பாற்கட்டிக்குரிய இளம்புளிப்புக் கிட்டும். இதனைப் பாற்கட்டி என அழைப்பது பெயரைக் கடன் வாங்குவதே. அதன் சுவையை இது முற்றும் தராது. ஆயினும் அது செய்யும் தொழிலை, அதாவது உலர்ந்த பாணையும் முறுகிய துண்டையும் ஈரப்பசையால் ஒன்றாய்ப் பிணைக்கும் தொழிலை, குறைவறச் செய்யும்.

மூன்றாவது அங்கம் காரம். இதற்குப் புதிதாக எதனையும் தேடவேண்டியதில்லை. லயத்து அம்மியிலே நாள்தோறும் அரைபடும் கட்டைச் சம்பலே போதும். தாவர உணவையே கொள்வோர் மாசியை மட்டும் விலக்குதல் வேண்டும். செத்தல் மிளகாய் ஆறு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, உப்பு ஆகியவற்றைக் கரகரப்பாக நசுக்கித் தேசிச் சாறு பிழிந்தால் சம்பல் ஆயத்தம்.

ஓர் இறாத்தல் பாணை விரற்கனத் துண்டுகளாக அரிந்தால் ஆறு சாண்ட்விச்சுகளுக்குப் போதும். ஒரு துண்டின்மேல் சம்பலை மெல்லப் பூசி, முறுகிய சோயாக்கட்டியை அடுக்கி, தேங்காய்ப் பாற் கலவையை வார்த்து, மறு துண்டால் மூடுக. வெளிப்புறத்தில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, இளஞ்சூட்டுக் கல்லில் வைத்து, ஒரு தட்டையான மூடியால் அழுத்தி, பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டுதல் வேண்டும். தீ மிகுந்தால் வெளியே கருகும். பாண் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே கடத்துமாதலின் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். அவசரத்திற்கு இங்கே இடமில்லை. பாண் கிடையாத நாளில் இரு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே வைத்தாலும் பயன் ஒன்றே.

அப்பயனைச் சற்று ஆராய்தல் தகும். இவ்வாறு செய்த ஒரு சாண்ட்விச்சின் நடுவே உள்ள சோயாக்கட்டியில் ஏறத்தாழ ஒரு கோழிமுட்டையில் இருக்கும் அளவு புரதம் உண்டு. அதனினும் முக்கியமானது வேறொன்று. கோதுமையின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. சோயாவில் அது மிகுதி. சோயாவில் மெத்தியோனின் என்னும் கூறு குறைவு. கோதுமை அக்குறையை ஈடுசெய்கின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்க, இரண்டும் ஒரே வேளையில் உண்ணப்படும்போது உடல் வளர்ச்சிக்குப் பெரும் பயன் விளைகின்றது. சோறும் பருப்பும் சேர்ந்து உண்ணும் பழைய வழக்கத்தின் பின்னேயுள்ள உண்மையும் இதுவே. ரொட்டியும் சம்பலுமாகிய உணவில் விடுபட்டது அந்தப் பருப்பின் இடமே. இப்பண்டம் அவ்விடத்தைத்தான் நிரப்புகின்றது.

இதனை எல்லாக் குறைக்கும் மருந்தாகக் கொள்ளுதலும் பிழை. பாலும் முட்டையும் மீனும் முற்றாக விலக்கிய உணவில் பீ பன்னிரண்டு என்னும் உயிர்ச்சத்துக் கிடைப்பதில்லை; அந்நெறியை முழுமையாகக் கைக்கொள்வோர், சிறப்பாகக் கருவுற்ற தாய்மார், மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் கட்டாயம். சோயா ஒவ்வாத பிள்ளைகளும் உளர். முதன்முதல் சிறிதளவே கொடுத்துப் பார்த்தல் வேண்டும். சிறுவருக்குச் சம்பலின் காரத்தைக் குறைத்தலும் தகும்.

தேயிலை நாட்டிற்கே உரிய மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ரொட்டியோடு வெறுந்தேநீர் பருகுவது மலையகத்தின் நெடுநாள் வழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கின்றது. இரத்தச்சோகை மிகுந்த இடத்திலே இது சிறிய செய்தியன்று. உணவுண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்தினால் இத்தடை பெரிதும் குறையும். சம்பலில் பிழியும் பச்சைத் தேசிச் சாறோ இரும்புச்சத்து உடலிற் சேர்வதற்குத் துணை செய்கின்றது. தேசிக்காயைச் சூடேற்றாமல், இறுதியிலே பிழிய வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இறக்குமதிப் பால்மாவின் விலை ஏழைக் குடும்பங்களின் கைக்கு எட்டாமற் போயிற்று. அக்காலத்தில் பல வீடுகளில் பிள்ளையின் கோப்பையிலிருந்த பால் மறைந்து வெறுந்தேநீர் அவ்விடத்தைப் பெற்றது. இறக்குமதியை நம்பிய உணவு கப்பலோடு வருகின்றது, கப்பலோடு போகின்றது. இரவிலே ஊறவைத்த ஒரு கைப்பிடி அவரை அவ்வாறு திடீரென மறைந்துபோவதில்லை.

கூலி உயர்வதும், நல்ல வீடும் நீரும் கிடைப்பதும், மருத்துவம் எட்டும் தூரத்தில் இருப்பதுமே மலையகப் பிள்ளையின் வளர்ச்சிக்கு உறுதியான அடித்தளம். அவற்றின் இடத்தை எந்தச் சமையற் குறிப்பும் நிரப்பாது. எனினும் அவை வந்துசேரும் வரையில் பிள்ளையின் வளர்ச்சி காத்திருப்பதில்லை. இழந்த ஆண்டின் உயரத்தைப் பின்னர் மீட்பதும் கடினம். மடுல்கெல்லவின் அடுப்பிலே நாளை விடியற்காலையும் ரொட்டி வேகும், அம்மியிலே சம்பல் அரைபடும். அவ்விரண்டிற்கும் நடுவே ஒரு துண்டு சோயாக்கட்டி சேர்வதற்கு வேண்டியவை, முன்னிரவின் சிறிது நினைவும் குழவியின் பாரமுமே.